எலக்ட்ரோவும் கேனனெட்டும் ஒன்றல்ல

யாஷிகா எலக்ட்ரோ 35, கேனனெட் கியூஎல்17 இரண்டையும் பழைய ஃபிலிம் கேமராக்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் 'தானியங்கி கேமரா' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பழைய கேமரா வாங்க நினைப்பவருக்கு அந்த வேறுபாடுதானே முக்கியம்! 1966-இல் வந்த எலக்ட்ரோவில் அப்பெர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துவாரத்தின் அளவை) நாம் வைக்கிறோம், ஷட்டர் வேகத்தை, அதாவது ஃபிலிமில் ஒளி படும் நேரத்தை, அது பார்த்துக்கொள்ளும். மஞ்சள் விளக்கு எரிந்தால் வேகம் 1/30 நொடிக்கும் கீழே போகிறது, கை ஆடினால் படம் கலங்கும். சிவப்பு எரிந்தால் 1/500 கூடப் போதவில்லை, அப்பெர்ச்சரைச் சுருக்க வேண்டும். சரியாக என்ன வேகம் என்று மட்டும் கடைசிவரை சொல்லாது. கேனனெட்டில் அப்படியே தலைகீழ்: வேகம் நம் கையில், அப்பெர்ச்சரை அதுவே தேர்ந்தெடுக்கும், வ்யூஃபைண்டரில் (கண் வைத்துப் பார்க்கும் ஜன்னலில்) முள் காட்டும். ஆட்டோவில் வெளிச்சம் எல்லை மீறினால் பட்டனே அழுந்தாது.

பேட்டரி பற்றியும் எழுதியிருக்கலாம். அது தீர்ந்தால் எலக்ட்ரோவில் எல்லாப் படமும் 1/500-இல்தான். கேனனெட்டோ மேனுவலில் (இரண்டையும் நாமே வைத்தால்) எல்லா வேகத்திலும் ஓடும், வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் மட்டும் இருக்காது. ஊர் ஊராகச் சுற்றுபவர்களுக்கு நான் கேனனெட்டைத்தான் சொல்வேன்.

அப்புறம், எதிர்வெளிச்சத்தில் முகம் கறுத்துப்போகிறதா? உள்ளே 400 ஃபிலிம் (ஐஎஸ்ஓ, அதாவது ஒளி உணர்திறன் எண்) இருந்தால் அந்த எண்ணை வைக்கும் டயலை 200-க்குத் திருப்புங்கள், ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு வெளிச்சம், கூடுதலாகக் கிடைக்கும். எடுத்ததும் மறக்காமல் பழையபடி 400-இல் வைத்துவிடுங்கள்.