25 வயதுவரை காத்திருக்க வேண்டியதில்லை

அண்ணே, ‘25 வயதுவரை முன்மூளை வளராது, அதனால் பள்ளிப் பிள்ளைகளுக்கு மைண்ட்ஃபுல்னெஸ் (இந்த நொடியில் நடப்பதை நிதானமாகக் கவனிக்கும் பயிற்சி) சொல்லிக்கொடுப்பது வீண்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் பாதிதான் சரி.

ஆறு வயதிலேயே மூளை பெரியவர் மூளையின் அளவில் ஏறக்குறைய 90 சதவீதத்தை எட்டிவிடுகிறது. அப்புறம் நடப்பது சீரமைப்பு. நரம்பணுக்களுக்கிடையே புழங்காத இணைப்புகள் கழிகின்றன, புழங்குகிற நரம்பிழைகளின் மேல் மயலின் என்ற கொழுப்பு உறை படிந்து செய்தி வேகமாக ஓடுகிறது. நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளைப் பகுதியில் இந்த வேலை 25 வயதையொட்டி நீள்வது உண்மைதான். அதற்காக அந்தப் பகுதி அதுவரை சும்மா கிடப்பதில்லை. நிதானமாக இருக்கும்போது 16 வயதுப் பிள்ளை ஏறக்குறைய பெரியவர்களைப் போலவே யோசிக்கும். கோபத்திலும், கூட்டாளிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதும்தான் தடுமாறும்.

காரைக்குடியில் என்னிடம் டியூஷனுக்கு வரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் முதலில் இதைத்தான் படம் வரைந்து சொல்வேன். பிறகு வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் உட்காரவைத்து, ஐந்து நிமிடம் மூச்சையும் முற்றத்துச் சத்தங்களையும் கவனிக்கச் சொல்வேன். தன் கோபம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பிள்ளை கொஞ்சம் தன்னை மன்னித்துக்கொள்கிறது. எனக்கு அதுவே பெரிது.

ஆனால் மைண்ட்ஃபுல்னெஸைச் சர்வரோக நிவாரணி என்று சிலர் சொல்வதும் தவறு. பிரிட்டனில் 8,000-க்கு மேற்பட்ட மாணவர்களிடம் நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், எல்லோருக்கும் பொதுவாக நடத்திய மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பு வழக்கமான பாடத்தைவிட மனச்சோர்வைக் குறைக்கவில்லை. பிள்ளை வாரக்கணக்கில் தூங்காமல், சாப்பிடாமல் ஒதுங்கியிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-லும் பேசலாம்.