மூன்றாம் நிலையை நடத்த மாட்டீர்கள் என்றால் முதல் நிலைக்கு ஏன் ஆள் சேர்க்கிறீர்கள்?

ஜப்பானிய மொழி மூன்றாம் நிலை வகுப்பை ரத்து செய்துவிட்டார்கள். போதிய மாணவர்கள் பதிவு செய்யவில்லையாம். செமஸ்டர் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது ஒரு வரி மின்னஞ்சல், அவ்வளவுதான். இது ஏதோ சின்னக் கல்லூரி என்றால்கூட மனசு ஆறும். ஆராய்ச்சிக்குப் பெயர்போன பெரிய பல்கலைக்கழகம்!

மேல் வகுப்பில் ஆள் குறையத்தான் செய்யும். கட்டாயப் பாடம் என்பதற்காகச் சேர்ந்தவர்கள் முதல் வருஷத்தோடு கிளம்பிவிடுவார்கள். மிஞ்சுகிறவர்கள்தான் உண்மையிலேயே படிக்க வந்தவர்கள். அவர்கள் வயிற்றில் அடித்தால் எப்படி?

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரக அலுவலர்களுக்கு மொழிப் பயிற்சி தருகிறது. ஜப்பானியம், சீனம், அரபு, கொரியன் ஆகியவற்றில் வேலை பார்க்கும் அளவுக்குத் தேற ஏறக்குறைய 2,200 வகுப்பு மணி நேரம் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. வாரம் 5 மணி நேரம், 15 வாரம் என்று வைத்தால் ஒரு செமஸ்டருக்கு 75 மணி நேரம்தான். இரண்டு செமஸ்டரோடு கதவைச் சாத்தினால் 150. அதை வைத்துக்கொண்டு ஒரு செய்தித்தாளைக்கூட வாசிக்க முடியாது.

ஆசிரியர் நிலைமை இன்னும் மோசம். எங்கள் கட்டுரைகளைத் திருத்தும்போது, ‘வா’ என்ற ஜப்பானிய இடைச்சொல் போட்ட இடத்தில் ஏன் ‘கா’ (ga) என்ற இடைச்சொல் வர வேண்டும் என்று ஓரத்தில் பொடி எழுத்தில் காரணத்தோடு எழுதித் தருவார். ஒருவர் தாளையும் விட்டதில்லை. அவர் ஒப்பந்த ஆசிரியர். அடுத்த வருஷம் வேலை இருக்குமா என்பது அவருக்கே தெரியாது. ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிடுபவருக்கு நிரந்தரப் பதவி, தினம் தொண்டை வறள வகுப்பெடுப்பவருக்கு வருஷா வருஷம் ஒப்பந்தமா? என்ன நியாயம் இது?

எல்லா இடத்திலும் முதலில் கை வைப்பது மொழித் துறையில்தான். 2023இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் 4.5 கோடி டாலர் பற்றாக்குறை என்று சொல்லி உலக மொழிகள் துறையையே மூடப் பார்த்தது. அதுவும் பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம்தான். மாற்றாக அவர்கள் யோசித்தவற்றில் ஒன்று, மொழி கற்கும் செயலி! மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்துப் போராடினார்கள். கடைசியில் ஸ்பானிஷ், சீன வகுப்புகள் கொஞ்சம் தப்பின. பட்டப்படிப்புகள் போயே போய்விட்டன.

காசில்லை என்ற பேச்சே எனக்குப் புரியவில்லை. மொழி வகுப்புக்கு ஆய்வுக்கூடமா வேண்டும்? ஓர் அறை, ஒரு பலகை, ஒரு நல்ல ஆசிரியர், போதும். முதல் நிலையில் சேர்க்கும்போதே நான்கு நிலையும் நடக்கும், ஐந்து பேர் இருந்தாலும் நடக்கும் என்று எழுதிக் கொடுங்கள். முடியாது என்றால், அதைச் சேரும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.