கடைசியில் திறந்த ஒன்றாம் வகுப்பு

கொரோனா காலத்துப் படிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் நேராக ஆன்லைன் வகுப்புக்குப் போய்விடுகிறார்கள். போன் இருந்ததா, சிக்னல் கிடைத்ததா, பையன் பாடம் கேட்டானா கேம் விளையாடினானா என்று. எனக்கு உறுத்துவது வேறு. பள்ளிகளை மூடியதைக்கூட நான் குறை சொல்ல மாட்டேன். திறந்த வரிசைதான் இன்னும் ஜீரணமாகவில்லை.

தேதிகளைக் கொஞ்சம் பாருங்கள். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. மே மாதமே டாஸ்மாக் திறந்துவிட்டது (நடுவில் நீதிமன்றம் மூடச் சொன்னதும் மறுபடி திறந்ததும் தனிக்கதை). நவம்பர் 10இல் தியேட்டர்கள். 2021 ஜனவரி 19இல் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும், பிப்ரவரி 8இல் ஒன்பதும் பதினொன்றும். அப்புறம் இரண்டாம் அலை வந்து எல்லாம் கலைந்தது. செப்டம்பர் 1இல் மறுபடி ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. ஒன்று முதல் எட்டு வரை எப்போது? 2021 நவம்பர் 1. ஏறக்குறைய இருபது மாதம்! 2020இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதிய பிள்ளை முதன்முதலாக வகுப்பில் உட்கார்ந்தபோது இரண்டாம் வகுப்பில் பாதி ஓடிவிட்டிருந்தது.

ஏன் இந்த வரிசை? பொதுத்தேர்வு. நம் ஊரில் படிப்பு என்றால் பத்தும் பன்னிரண்டும்தான். 2020இல் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தானதும் காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 சதவீதம், வருகைப்பதிவுக்கு 20 சதவீதம் என்று கணக்குப் போட்டார்கள். 2021இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு ரத்தானதும் இன்னொரு கணக்கு. டிவியில் ராத்திரி ராத்திரியாக விவாதம். ஆனா ஆவன்னா தெரியாமல் இரண்டாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்காக யாராவது ஒரு ராத்திரி தொண்டை கிழியப் பேசினார்களா? அந்தப் பிள்ளைக்கு மார்க் ஷீட் கிடையாது, அதனால் பிரச்சினையும் கண்ணுக்குத் தெரியவில்லை.

பதினைந்து வயதுப் பிள்ளையிடம் புத்தகத்தைக் கொடுத்தால் பாதியாவது தானே படித்துக்கொள்ளும். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது முடியாது. கல்வித் தொலைக்காட்சியை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2019 ஆகஸ்டிலேயே அதை ஆரம்பித்து வைத்திருந்தது நம் அதிர்ஷ்டம். போன் இல்லாத வீட்டிலும் டிவி இருந்தது. ஆனால் பிள்ளை தப்பாக வாசித்தால் டிவிக்குக் காது கேட்காதே.

எங்கள் ஊர் திண்டிவனம் பக்கம். தன்னார்வலர்கள் சாயங்காலம் பிள்ளைகளுக்குத் தெருவிலேயே சொல்லிக்கொடுக்கிற அரசுத் திட்டமான இல்லம் தேடிக் கல்வியை 2021 அக்டோபர் 27இல் தொடங்கி வைத்ததும் எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில்தான், மரக்காணம் பக்கத்தில் முதலியார்குப்பத்தில். எங்கள் தெருவுக்கான வகுப்பு எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்தது. சொல்லிக்கொடுத்தது அடுத்த தெருப் பெண், பி.காம் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவள். சாயங்காலம் ஐந்து மணிக்கு வருவாள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை, அதில் சாக்பீஸும் சார்ட் பேப்பரும் அவள் கைக்காசு மாதிரிதான் போயிற்று.

அங்கே நான் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். நோட்டைப் பார்த்து நான் அசந்துபோனேன். "அத்தை, இப்போ அவனையே படிக்கச் சொல்லிப் பாருங்க" என்றாள் அவள். சொன்னேன். 'கொக்கு' என்று அவனே எழுதியிருந்தான். விரலை வைத்தான், கொம்பில் ஒரு நிமிஷம் நின்றான், 'க' என்றான், காலைத் தாண்டி அடுத்த எழுத்துக்குப் போனான், அங்கேயே நின்றுவிட்டான். கொம்பும் காலும் சேர்ந்து ஒரே எழுத்து என்று அவனுக்குத் தெரியவே தெரியாது.

விசாரித்தால் விஷயம் இதுதான். அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர், போன் அவரோடு போய்விடும். ராத்திரி ஒன்பது மணிக்கு அவர் வந்த பிறகு வாட்ஸ்அப்பில் வந்த வீட்டுப்பாடத்தைப் பார்த்து இவன் எழுதுவான். அதைப் படம் பிடித்து அனுப்புவார்கள். பள்ளி டீச்சரிடமிருந்து பதிலுக்குக் கட்டைவிரல் படம் வரும். ஒன்றரை வருஷமாக எழுத்தை ஓவியமாகவே வரைந்திருக்கிறான் பிள்ளை. டீச்சரையும் குறை சொல்ல முடியாது. வந்த படத்தில் எல்லாம் சரியாகத்தானே இருந்தது! எங்கள் திண்ணைப் பெண் மூன்று வாரம் கொம்பு, கால், இரட்டைக்கொம்பு என்று அட்டையில் வெட்டி வெட்டிச் சேர்க்க வைத்தாள். பொங்கலுக்குள் எழுத்துக் கூட்டி வாசித்தான்.

இது எங்கள் திண்ணைக் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளீதரனும் இன்னும் இருவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். 2019இல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டால், 2021 டிசம்பரில் கணக்கில் பெரிய சரிவு, தமிழில் அதில் ஏறக்குறைய பாதி. பள்ளி திறந்து ஆறு மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. அந்த மீட்சியில் கிட்டத்தட்ட கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்பது அவர்கள் கணக்கு. ஆயிரம் ரூபாய்ச் சம்பளத்தில் பி.காம் பெண்கள் செய்த வேலை இது.

"அப்போது பிள்ளைகளை அனுப்ப நீ தயாராக இருந்தாயா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வீட்டில் தாத்தா பாட்டி இருந்தார்கள், எல்லோருக்கும் பயம் இருந்தது. 2021 ஏப்ரல், மே மாதங்களில், ஆக்சிஜனுக்கு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்த நாட்களில், பள்ளியைத் திற என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. நான் கேட்பது அதற்கு முந்தைய நான்கைந்து மாதங்களை. தொற்று இறங்கியிருந்தது. ஜவுளிக்கடையில் பொங்கல் கூட்டம் அலைமோதியது, தேர்தல் பிரசாரத்துக்கு லாரி லாரியாக ஆள் போனது. இரண்டு ஆசிரியர், முப்பது பிள்ளை இருக்கிற ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி மட்டும் பூட்டிக் கிடந்தது. பாதிப் பாதியாகப் பிரித்து, ஒருநாள் விட்டு ஒருநாள், வேப்பமரத்தடியில் உட்கார வைத்திருக்கலாம். தாங்களாகவே தெருவுக்கு வந்து பாடம் நடத்திய ஆசிரியர்களும் அப்போது உண்டு. டென்மார்க் 2020 ஏப்ரல் 15இல் பள்ளி திறந்தபோது சின்ன வகுப்புகளைத்தான் முதலில் திறந்தது, பெரிய பிள்ளைகள் காத்திருந்தார்கள். டென்மார்க் வேறு, நாம் வேறு, சரி. ஆனால் யார் வீட்டிலிருந்து படிக்க முடியும், யாரால் முடியாது என்று யோசிக்க டென்மார்க்காக இருக்கத் தேவையில்லை.

அந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2030இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுவார்கள். அப்போது டிவி விவாதக்காரர்களுக்கு அவர்கள் கண்ணில் படுவார்கள்.

வெள்ளமோ, காய்ச்சலோ, அடுத்து எது வந்து பள்ளியை மூடினாலும் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளைக் கடைசியில் மூடுங்கள், முதலில் திறங்கள். தெருவில் வகுப்பு நடத்த இருபது மாதம் காத்திருக்க வேண்டாம், மூடிய அடுத்த மாதமே தொடங்கலாம். ஊருக்கு ஊர் சொல்லிக்கொடுக்க முன்வந்தவர்களின் பெயர்கள் கல்வித்துறையிடம் ஏற்கெனவே பதிவாகியிருக்கின்றன. எங்கள் தெருப் பெண் கல்யாணமாகிக் கடலூர் போய்விட்டாள், அவள் இடத்துக்கு வேறு ஒருத்தியைச் சேர்க்க வேண்டியிருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை அந்தப் பட்டியலைச் சரிபார்த்து வைத்தால் போதும், பெரிய செலவும் இல்லை.