மெர்கேட்டர் வரைபடம் ஐரோப்பியர்களின் சதியா?

ஆப்பிரிக்காவைச் சின்னதாகக் காட்டத்தான் ஐரோப்பியர்கள் மெர்கேட்டர் என்ற உலக வரைபடத்தை வேண்டுமென்றே இப்படி வரைந்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. அளவு மாறித் தெரிவது உண்மைதான். கிரீன்லாந்து அதில் ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும், ஆனால் ஆப்பிரிக்கா அதைப் போல 14 மடங்கு பெரியது, ஏன், இந்தியாவே கிரீன்லாந்தைவிடப் பெரியது.

சதி என்பதுதான் தவறு. 1569-இல் மெர்கேட்டர் என்ற வரைபடக் கலைஞர் இதை வரைந்தது மாலுமிகளுக்காக. திசைகாட்டியில் ஒரே கோணத்தைப் பிடித்துக்கொண்டு கப்பல் போகும் பாதை தாளில் நேர்கோடாக விழ வேண்டும், அதற்குத் துருவத்தை நெருங்க நெருங்க நிலத்தைக் குறுக்கிலும் நெடுக்கிலும் ஒரே விகிதத்தில் இழுத்தே ஆக வேண்டும், வேறு வழியே இல்லை. 60 டிகிரி அட்சரேகையில் நீளம் இரண்டு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு ஆகிவிடும். நிரந்தரக் குடிகளே இல்லாத அண்டார்டிகாவும் இதே கணக்கில்தான் பயங்கரமாக வீங்குகிறது.

அப்புறம், அந்த வாட்ஸ்அப் படம் 'உண்மையான வரைபடம்' என்று காட்டும் கால்-பீட்டர்ஸ் என்ற வரைபடம், பரப்பைச் சரியாகக் காட்டினாலும் ஆப்பிரிக்காவை நெடுக்கில் நீட்டிவிடுகிறது. நாடுகளின் பரப்பை ஒப்பிட வேண்டுமென்றால் 2018-இல் வந்த ஈக்வல் எர்த் வரைபடத்தைப் பாருங்கள், வடிவமும் அதில் அவ்வளவாகக் கோணாது.