பாக்தாத்தில் பிரதமரைத் தேர்ந்தெடுப்பது யார்?

2022 ஆகஸ்ட் 29 அன்று பாக்தாத்தில் அரசு அலுவலகங்கள் இருக்கும் பாதுகாப்புப் பகுதியான பசுமை மண்டலத்தில், குடியரசு மாளிகை நீச்சல் குளத்தில் இளைஞர்கள் குதித்துக் குளிக்கும் வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. அதற்கு ஏழு வாரம் முன்னால்தான் கொழும்பில் ஜனாதிபதி மாளிகைக் குளத்தைப் பார்த்திருந்தோம். அதனால் நம்மில் பலர் இதையும் அதோடு சேர்த்து, இன்னொரு மக்கள் எழுச்சி என்று பகிர்ந்தோம். நானும் பகிர்ந்தேன். அன்று இரவே அந்த மண்டலத்துக்குள் துப்பாக்கிகள் வெடித்தன. மறுநாள் மதியத்துக்குள் குறைந்தது 30 பேர் இறந்திருந்தார்கள்.

சுட்டவர்களும் ஷியாக்கள், செத்தவர்களும் ஷியாக்கள். ஒரு பக்கம் ஷியா மதகுருவும் அரசியல் தலைவருமான முக்ததா அல்-சத்ரின் ஆயுதப் படை சராயா அல்-சலாம். எதிர்ப்பக்கம் ஹஷ்து என்கிற, அரசு அங்கீகரித்த துணைப்படைக்குள் இருக்கும், ஈரானோடு நெருக்கமான ஆயுதக் குழுக்கள். ஷியாக்கள் கர்பலாவுக்கு யாத்திரை போகும் அர்பயீனுக்கு மூன்று வாரம்கூட இல்லை. ஒரே சாலையில் நடந்து போக வேண்டியவர்கள் ஒருவரை ஒருவர் கொன்றுகொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்தச் சண்டையின் கதையை உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்கக் கோபம்தான் வருகிறது.

2021 அக்டோபர் 10 அன்று இராக்கில் தேர்தல் நடந்தது. மொத்தம் 329 இடங்கள். சத்ரின் கட்சி 73 இடங்களைப் பிடித்து முதலில் வந்தது. அவருடைய பரம வைரி நூரி அல்-மாலிகியின் அணிக்கு அதில் பாதிகூட இல்லை. ஈரானோடு நெருக்கமான ஹாதி அல்-அமிரியின் ஃபதாஹ் கூட்டணி 48-லிருந்து 17-க்கு விழுந்தது. சரி, முதலில் வந்தவர் சொல்கிறவர்தான் பிரதமர் என்று நாம் நினைப்போம். அங்கே அப்படி இல்லை. இராக் அரசமைப்பின் 76-ஆவது பிரிவு, ‘நாடாளுமன்றத்தில் எண்ணிக்கையில் பெரிய கூட்டணி’ முன்மொழிகிறவரை ஜனாதிபதி அழைக்க வேண்டும் என்கிறது. பெரிய கூட்டணி என்றால் தேர்தலில் பெரியதா, தேர்தல் முடிந்தபின் கூடிச் சேர்ந்ததா? 2010-லேயே இந்தக் கேள்வி வந்தது. அயத் அல்லாவிக்கு 91 இடங்கள், மாலிகிக்கு 89. பின்னால் சேர்ந்தாலும் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 89 வாங்கியவர் மறுபடியும் பிரதமர் ஆனார்.

இராக்கியர்களின் ஓட்டுக்கு அன்றைக்கு விழுந்த அடி இன்னும் ஆறவில்லை என்று நினைக்கிறேன். எத்தனை இடம் ஜெயித்தாலும் பேரம் அதற்குப் பிறகுதான் தொடங்கும் என்பதை எல்லாக் கட்சிகளும் அன்றைக்கே கற்றுக்கொண்டன.

2021-இல் தோற்ற ஷியா தலைவர்கள் அதையே செய்தார்கள். மாலிகி, அமிரி, கைஸ் அல்-கஸ்அலி, அம்மார் அல்-ஹக்கீம், ஹைதர் அல்-அபாதி எல்லோரும் ‘ஒருங்கிணைப்புக் கட்டமைப்பு’ என்ற பெயரில் ஒன்றாக நின்றார்கள். பாக்தாத் பேச்சில் சுருக்கமாக ‘இதார்’. சத்ர் குர்துகளில் ஒரு கட்சியையும் சுன்னி அணிகளையும் சேர்த்துக்கொண்டு, எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ளும் ‘முஹாஸஸா’ முறை வேண்டாம், பெரும்பான்மை அரசு அமைப்போம் என்றார். பிரதமர் வேட்பாளராக அவர் சொன்னது ஜாஃபர் அல்-சத்ரை. ஆனால் பிரதமருக்கு முன்னால் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் அவையில் இருக்க வேண்டும் என்று 2022 பிப்ரவரியில் நீதிமன்றம் சொன்னது. அதாவது 220 பேர். மார்ச் 26 அன்று வந்தது 202. இதார் ஆட்கள் அவைக்கே போகவில்லை, அவ்வளவுதான். வீட்டிலிருந்தபடியே நாட்டை நிறுத்திவிட்டார்கள்.

அந்த ஜாஃபர் யார் என்று பாருங்கள். 1980-இல் சதாம் தூக்கிலிட்ட முகம்மது பாக்கிர் அல்-சத்ரின் மகன். மாலிகியின் தஃவா கட்சி தன் சிந்தனைக்கு மூலவராகக் கொண்டாடுவதும் அதே முகம்மது பாக்கிரைத்தான். கஸ்அலி யார்? முக்ததாவின் தந்தை, 1999-இல் நஜஃபில் சுட்டுக் கொல்லப்பட்ட முகம்மது சாதிக் அல்-சத்ரின் மாணவர். முக்ததாவின் படையிலிருந்து பிரிந்து போனவர். எல்லோர் வீட்டுச் சுவரிலும் தொங்குவது ஒரே தியாகிகளின் படங்கள். இதை வெறும் அரசியல் போட்டி என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. பங்காளிச் சண்டையின் கசப்பு இதில் இருக்கிறது. சதாம் காலத்தில் ஈரானுக்கும் சிரியாவுக்கும் லண்டனுக்கும் போய்த் திரும்பி வந்தவர்கள் ஒரு பக்கம். போக வழியில்லாமல் உள்ளேயே கிடந்து பட்டினியும் சிறையும் பார்த்த குடும்பங்கள் மறுபக்கம். பாக்தாத்தின் சத்ர் நகரத்து ஏழைகள் முக்ததாவைக் கைவிடாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். 2008-இல் மாலிகி பிரதமராக இருந்து பஸ்ராவில் சத்ரின் மஹ்தி படையை ராணுவத்தை விட்டு அடித்ததை அவர்கள் மறக்கவே இல்லை.

எல்லாம் ஈரான் செய்கிற வேலை என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். ஈரானின் கை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஈரான் விரலை அசைத்தால் எல்லாம் முடிந்துவிடும் என்றால், 2021 அக்டோபரில் ஓட்டுப் போட்டவர்கள் 2022 அக்டோபர் 27 வரை அரசுக்காகக் காத்திருந்திருக்க மாட்டார்கள். இந்தப் பகை அந்த மண்ணிலேயே விளைந்தது.

இப்படிச் சொல்வதால் நான் சத்ர் பக்கம் என்று நினைக்க வேண்டாம். அவர் மேல்தான் எனக்கு வருத்தம் அதிகம். 2022 ஜூன் 12 அன்று தன் 73 உறுப்பினர்களையும் ராஜினாமா செய்ய வைத்தார். சட்டப்படி அந்த இடங்கள் அடுத்தபடி ஓட்டு வாங்கியவர்களுக்குப் போயின. இதார் இரண்டு வாரத்துக்குள் 130 பேர் பக்கம் எட்டிவிட்டது. வெயிலில் வரிசையில் நின்று அவருக்குப் போட்ட ஓட்டை எதிரியின் கையில் கொடுத்துவிட்டு, அதே மக்களை ஜூலை கடைசியில் நாடாளுமன்றத்துக்குள் அனுப்பினார். ஆகஸ்ட் 29 அன்று அரசியலை விட்டே விலகுகிறேன் என்று ஓர் அறிவிப்பு. அதற்குப் பிறகுதான் அந்த ரத்தம். மறுநாள் நஜஃபில் மேடையேறி, 60 நிமிடத்தில் கலைந்து போங்கள் என்றார். போய்விட்டார்கள். ஒரு மணி நேரத்தில் நிறுத்த முடிந்ததை முதல் நாள் ஏன் நிறுத்தவில்லை? பிள்ளையை இழந்த தாய்களுக்கு இந்தக் கேள்வி தோன்றாமல் இருக்குமா?

இந்த இழுபறிக்குள்தான் இன்னொன்றும் நடந்தது. 2021 செப்டம்பரிலிருந்து 2022 ஆகஸ்ட் வரை, வரித்துறையின் வைப்புக் கணக்கிலிருந்து சுமார் 250 கோடி டாலரை காசோலை காசோலையாக எடுத்துவிட்டார்கள். ‘நூற்றாண்டின் திருட்டு’ என்று இராக்கியர்கள் பெயர் வைத்தார்கள். தேதிகளைப் பாருங்கள். யார் தலைவர் என்று இவர்கள் அடித்துக்கொண்ட மாதங்களும் பணம் போன மாதங்களும் கிட்டத்தட்ட ஒன்று. 2018-இல் பஸ்ராவில் கெட்ட தண்ணீர் குடித்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். இராக்கின் எண்ணெயில் பெரும்பகுதி ஏற்றுமதியாகிற, ஷியாக்கள் பெரும்பான்மையாக வாழ்கிற ஊர் அது. பிரதமர் பதவியிலும் 2005-லிருந்து ஷியாக்கள்தான். பஸ்ராவின் குழாய்க்கு அதனால் என்ன கிடைத்தது?

சண்டை முற்றும்போதெல்லாம் யாருக்கும் பயம் தராத ஒருவரைத் தேடிப் பிடிப்பது வழக்கமாகிவிட்டது. 2006-இல் ஷியா கூட்டணிக்குள் அப்போதைய பிரதமர் இப்ராஹிம் அல்-ஜாஃபரி 64-க்கு 63 என்று ஆதில் அப்துல் மஹ்தியை ஒரே ஓட்டில் வென்றார். குர்துகளும் சுன்னிகளும் அமெரிக்காவும் அவரை ஒப்புக்கொள்ளாததால், அப்போது வெளியே அதிகம் அறியப்படாத மாலிகி வந்தார். அந்த அப்துல் மஹ்தி 12 வருடம் கழித்து இதே மாதிரி சமரச வேட்பாளராகப் பிரதமர் ஆனார். தனக்கென்று ஒரு கட்சிகூட இல்லாதவர். 2019 அக்டோபரில் பாக்தாத்திலும் நாசிரியாவிலும் பிள்ளைகள் ‘எங்களுக்கு ஒரு நாடு வேண்டும்’ என்று தெருவுக்கு வந்து சுடப்பட்டபோது, துப்பாக்கி வைத்திருந்தவர்களைக் கட்டுப்படுத்த அவரால் முடியவில்லை. நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். நஜஃபின் மூத்த ஷியா மதகுரு சிஸ்தானியின் கண்டனம் வந்த பிறகே ராஜினாமா செய்தார். பலவீனமானவரைத் தேடி உட்கார வைத்துவிட்டு, நாட்டைக் காப்பாற்றவில்லையே என்று பிறகு எப்படிக் கேட்பது?

76-ஆவது பிரிவைத் திருத்தி, தேர்தலில் முதலில் வந்த பட்டியலுக்குத்தான் முதல் அழைப்பு என்று எழுத வேண்டும். அவர்களால் முடியாவிட்டால் அடுத்தவர் முயலட்டும். தலைவர்களுக்கு இதில் லாபம் இல்லை, அதனால்தான் கை வைக்க மறுக்கிறார்கள். ஆனால் தங்களுக்குத் தேவையான சட்டத்தை மாற்ற அவர்களுக்கு நேரம் கிடைக்கிறது. 2019 பிள்ளைகளின் போராட்டத்தால் வந்தது 83 சிறு தொகுதிகள் கொண்ட தேர்தல் முறை. 2023 மார்ச்சில் அதைத் தூக்கிவிட்டு, பெரிய கட்சிகளுக்கு வசதியான பழைய பட்டியல் முறையையே கொண்டுவந்தார்கள்.

அப்புறம் 2025 நவம்பர் 11 அன்று மறுபடி தேர்தல். சத்ர் புறக்கணிக்கச் சொல்லிவிட்டார். 2022-இல் இதார் கொண்டுவந்த பிரதமர் முகம்மது ஷியா அல்-சுதானியின் பட்டியல் 46 இடங்களோடு முதலில் வந்தது. முடிவு வந்த சூட்டோடு இதார் தலைவர்கள் கூடி, நாங்கள்தான் பெரிய கூட்டணி, அடுத்த பிரதமரை நாங்கள்தான் சொல்வோம் என்று அறிவித்தார்கள். முதலில் வந்த சுதானியும் அந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.