போர்வை மூணு இருக்கு தம்பி

கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரலாம். வந்தாலும் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

ஆறு வருடங்களாக ஒரு சின்னக் குழுவோடு சேர்ந்து, சனிக்கிழமை இரவுகளில் தெருவில் படுத்திருப்பவர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்துவந்தேன். குளிர்காலம் வந்தால் போர்வை. படம் எடுத்து இங்கே போட்டிருக்கிறேன், நீங்களும் இதயம் போட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு ராத்திரி, மூடிய கடையின் வாசலில் படுத்திருந்த பெரியவர் ஒருவரை எழுப்பிப் போர்வையை நீட்டினேன். அறுபது வயதிருக்கும். செருப்பைத் துணிப்பையில் சுருட்டித் தலைக்கு வைத்திருந்தார். வெளியே விட்டால் விடியும்போது இருக்காது. எழுந்து உட்கார்ந்தார், போர்வையை ஒருமுறை தடவிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"போர்வை ஏற்கெனவே மூணு இருக்கு தம்பி. பகல்ல அதை எங்க வைக்கிறதுன்னுதான் தெரியல."

ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அவருடைய பெயர் மட்டுமா, ஆறு வருடத்தில் ஒருவருடைய பெயரும் எங்களுக்குத் தெரியாது. எத்தனை பொட்டலம், எத்தனை போர்வை, யார் எவ்வளவு நன்கொடை கொடுத்தார்கள் என்று நோட்டுப் போட்டு எழுதி வைத்திருந்தோம். வாங்கிக்கொண்டவர்கள் யார் என்று மட்டும் எழுதவில்லை.

அன்றிலிருந்து இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். வீடில்லாத நிலையை உண்மையிலேயே குறைத்த ஊர்கள் இருக்கின்றன. அவற்றில் பல ஊர்கள் முதலில் செய்த வேலை, ஒரு பட்டியல் போட்டதுதான். எண்ணிக்கைப் பட்டியல் வேண்டியதில்லை, பெயர்ப் பட்டியல்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ராக்ஃபோர்ட் என்று ஓர் ஊர், ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் வாழ்கிறார்கள். பெரிய பணக்கார ஊர் இல்லை, ஆலைகள் மூடிப்போன ஊர். அங்கே வீடில்லாத ஒவ்வொருவரின் பெயரையும் எழுதினார்கள். எத்தனை நாளாகத் தெருவில் இருக்கிறார், என்ன நோய், எந்த ஆவணம் தொலைந்துபோயிற்று, அவர் என்ன கேட்கிறார், எல்லாம் அதில் இருக்கும். தங்குமிடம் நடத்துபவர்கள், மருத்துவத் துறையினர், நகர நிர்வாகம் எல்லாரும் ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். "இந்த வாரம் இவருக்கு என்ன ஆச்சு?" என்று பெயர் சொல்லிக் கேட்டார்கள். 2015 முடிவதற்குள் முன்னாள் படைவீரர்களில் வீடற்றவர்கள் என்ற நிலையை அங்கே முடித்தார்கள். 2017 தொடக்கத்தில், வருடக்கணக்கில் தெருவில் கிடந்தவர்களின் நிலையையும் முடித்தார்கள்.

முடித்தார்கள் என்றால் இனி ஒருவர்கூடத் தெருவுக்கு வரமாட்டார் என்று பொருளில்லை. வீடிழந்து வருகிறவர்களைவிட வீட்டுக்குத் திரும்புகிறவர்களின் வேகம் அதிகமாக இருக்கிறது, யார் வந்தாலும் சில வாரங்களில் ஒரு கதவு திறக்கிறது, அவ்வளவுதான். கை விட்டால் பழைய நிலை திரும்பிவிடும். கனடாவில் மெடிசின் ஹாட் என்ற ஊர் 2021ல் இதேபோல் அறிவித்தது, பிறகு எண்ணிக்கை மறுபடி ஏறிவிட்டது. வீடு கூட்டுவது போலத்தான் இதுவும், ஒரு நாள் கூட்டிவிட்டு வருடம் முழுக்கச் சுத்தமாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

சின்ன ஊர் என்பதால் முடிந்தது என்பீர்கள். சரி, ஹூஸ்டனைப் பாருங்கள். அமெரிக்காவின் நாலாவது பெரிய நகரம். 2011ல் அங்கே ஒரே இரவில் எடுத்த கணக்கில் வீடில்லாதவர்கள் ஏறத்தாழ 8,500 பேர். அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அது 60 விழுக்காடு குறைந்தது. அதுவரை அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட அமைப்புகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தன. ஒரே ஆளிடம் நாலு பேர் போய் நாலு படிவம் நிரப்புவார்கள், வீடு மட்டும் யாரும் தரமாட்டார்கள். நகரத் தலைமை எல்லாரையும் ஒரே திட்டத்துக்குள் கொண்டுவந்தது. அடுக்குமாடி உரிமையாளர்களிடம் நேரே பேசுவதற்கென்றே ஆட்கள் போட்டார்கள். எனக்கு இதில் பிடித்தது இந்த வீட்டுக்காரர் விஷயம்தான். நாம் எல்லாரும் அரசைத் திட்டுவோம், சமூகத்தைத் திட்டுவோம், கடைசியில் சாவி யார் கையில் இருக்கிறதோ அவரிடம் போய்ப் பேச மட்டும் மறந்துவிடுவோம்.

இனி நிறையப் பேருக்குக் கோபம் வரும் இடம். "குடிகாரனுக்கும் கஞ்சா அடிக்கிறவனுக்கும் வீடா? முதலில் திருந்தட்டும், அப்புறம் பார்க்கலாம்."

நானும் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உலகமே ரொம்ப காலம் இப்படித்தான் நினைத்தது. முதலில் தங்குமிடத்தில் ஒழுங்காக இரு, குடியை விடு, மருந்து சாப்பிடு, ஒவ்வொரு படியாக ஏறி வா, மேல் படியில் வீடு கிடைக்கும் என்பார்கள். பாதிப் பேர் இரண்டாவது படியிலேயே விழுந்துவிடுவார்கள். 1992ல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இதைத் தலைகீழாக்கினார். முதலில் வீட்டுச் சாவி. சிகிச்சை, வேலை, மற்றதெல்லாம் பிறகு, அதுவும் அவர்கள் விரும்பினால். மனநோயோடும் போதைப் பழக்கத்தோடும் தெருவில் கிடந்தவர்கள்தான் அவர் எடுத்துக்கொண்ட ஆட்கள். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோது 88 விழுக்காட்டினர் வீட்டில் நிலைத்திருந்தார்கள். பழைய படிக்கட்டு முறையில் போனவர்களில் அது 47 விழுக்காடு.

பிறகு கனடா 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில், 2,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து இதைச் சோதித்தது. சீட்டுக் குலுக்கியதுபோல் பிரித்து ஒரு பாதிக்கு வீடு முதலில், இன்னொரு பாதிக்கு வழக்கமான உதவிகள். கடைசி ஆறு மாதத்தில், முதல் பிரிவில் 62 விழுக்காட்டினர் ஒரு நாள்கூட வீடில்லாமல் இருக்கவில்லை. மற்ற பிரிவில் 31. ஒன்றை மறைக்கக் கூடாது. போதைப் பழக்கத்தில் இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வீடு கொடுத்தால் குடி போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் குடிக்கிற மனிதன் தெருவில் குடிப்பதற்கும் கதவைச் சாத்திக்கொண்டு குடிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. சொந்த வீட்டில் குடிக்கிற எத்தனையோ பேரை நமக்குத் தெரியும். அவர்களை யாரும் வீட்டைக் காலி பண்ணு, திருந்தின பிறகு வா என்று சொல்வதில்லையே?

இன்னொன்று. போதைதான் காரணம் என்றால், அமெரிக்காவில் போதைச் சாவு விகிதம் மிக அதிகமான மேற்கு வர்ஜீனியாவில் தெருவெல்லாம் ஆட்கள் கிடக்க வேண்டும். கிடக்கவில்லை. வாடகை விண்ணைத் தொடுகிற கலிஃபோர்னியாவில்தான் கிடக்கிறார்கள்.

ஃபின்லாந்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 2008ல் அங்கே தங்குமிடங்களையே வீடுகளாக மாற்றத் தொடங்கினார்கள். ஹெல்சிங்கியில் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு நடத்திய 250 படுக்கைத் தங்குமிடத்தைப் புதுப்பித்து 80 சொச்சம் தனிக் குடியிருப்புகள் ஆக்கினார்கள். படுக்கை எண்ணிக்கை மூன்றில் ஒன்றாகக் குறைந்தது, ஆனால் ஒவ்வொருவர் கையிலும் ஒப்பந்தம், ஒவ்வொருவருக்கும் ஒரு பூட்டு. 1980களில் 15,000க்கு மேல் இருந்த வீடற்றவர் எண்ணிக்கை 2023 முடிவில் 3,429 ஆகியிருந்தது. அதில் பெரும்பாலோர் உறவினர், நண்பர் வீட்டில் ஒட்டிக்கொண்டிருப்பவர்கள். அவர்களையும் அந்த நாடு வீடற்றவர் என்றே கணக்கில் சேர்க்கிறது. மறு வருடம், 2024ல், அது 3,806 ஆக ஏறியது. வாடகைக்கான உதவித்தொகையை அரசு வெட்டிய வருடம் அது. ஃபின்லாந்து என்றாலும் பணத்தை நிறுத்தினால் இதுதான்.

தங்குமிடமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மழை ராத்திரியில் அது உயிர் காக்கும். மருத்துவமனையில் அவசரப் பிரிவு மாதிரி. ஆனால் அவசரப் பிரிவிலேயே யாரும் குடித்தனம் நடத்த முடியாதல்லவா? எனக்குத் தெரிந்த ஒரு தங்குமிடத்தில் இரவு ஒன்பதுக்குள் உள்ளே வர வேண்டும், காலை ஆறுக்கு வெளியேற வேண்டும். ராத்திரிக் காவல் வேலை பார்க்கிறவர் அங்கே எப்படித் தூங்குவார்? புருஷன் ஒரு கட்டிடம், பெண்டாட்டி இன்னொரு கட்டிடம். அதற்குத் தெருவே மேல் என்று ஒரு தம்பதி திரும்பி வந்துவிட்டார்கள். தனியாக இருக்கிற பெண்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நான் பார்த்த ஒரு அம்மா பையின் வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, உட்கார்ந்தபடியேதான் இரவைக் கழிப்பார். தூக்கம் பகலில், நாலு பேர் நடமாடுகிற இடத்தில். அதைப் பார்த்துத்தான் "பட்டப்பகல்ல தூங்குது பாரு, சோம்பேறி" என்று போகிறவர்கள் சொல்வார்கள்.

(பூங்கா பெஞ்சின் நடுவில் குறுக்கே ஒரு இரும்புப் பிடி வைத்திருப்பார்களே, பார்த்திருக்கிறீர்களா? சாய்ந்துகொள்ள என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். யாரும் படுக்கக் கூடாது என்பதற்காக ஒருவர் உட்கார்ந்து யோசித்து, வரைந்து, பற்றவைத்திருக்கிறார்.)

சரி, இதெல்லாம் தெருவுக்கு வந்த பிறகு செய்வது. வருவதற்கு முன்பே பிடிப்பதுதான் எளிது, செலவும் குறைவு. யாரும் ஒரே நாளில் வீட்டிலிருந்து நடைபாதைக்கு வருவதில்லை. இரண்டு மாத வாடகை பாக்கி, வீட்டுக்காரரின் சத்தம், நண்பர் வீட்டில் பத்து நாள், தங்கை வீட்டுத் திண்ணையில் ஒரு மாதம், அப்புறம்தான் தெரு. இடையில் எத்தனை பேர் பார்க்கிறார்கள்! அறுவைச் சிகிச்சை முடித்து அனுப்பும் மருத்துவமனை, விடுதலை செய்கிற சிறை, பதினெட்டு வயதானதும் பிள்ளையை வெளியே அனுப்புகிற இல்லம், இவர்களுக்கெல்லாம் முன்கூட்டியே தெரியும். எங்கே போய்த் தங்குவாய் என்ற கேள்வியை மட்டும் கேட்பதில்லை.

சிகாகோவில் ஒரு தொலைபேசி உதவி மையம் இருக்கிறது. வாடகை கட்ட முடியாமல் தவிப்பவர்கள் அழைத்தால், ஒருமுறை உதவித்தொகைக்கு வழி செய்வார்கள். ஆனால் நிதி சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. அழைத்த நாள் நல்ல நாளாக அமைந்தால் பணம், இல்லையென்றால் இல்லை. ஆய்வாளர்கள் இந்த இரண்டு பிரிவினரையும் ஒப்பிட்டு 2016ல் வெளியிட்டார்கள். நிதி இருந்த நாளில் அழைத்தவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் தங்குமிடத்துக்குப் போக நேர்வது 76 விழுக்காடு குறைவாக இருந்தது. ஒரே மாதிரி குடும்பங்கள், ஒரே மாதிரி கஷ்டம், வித்தியாசம் அழைத்த நாளில்தான்.

இங்கிலாந்து இதைச் சட்டமாகவே ஆக்கியது. 2018 ஏப்ரலிலிருந்து, ஒருவர் 56 நாளுக்குள் வீடிழக்கப்போகிறார் என்றால், தடுக்கும் நடவடிக்கை எடுப்பது உள்ளாட்சியின் கடமை. அதற்கு முன் அது 28 நாள். வீட்டுக்காரரிடம் பேச, பாக்கிக்குத் தவணை பிடிக்க, வேறு வீடு பார்க்க, நாலு வாரம் கூடுதலாகக் கிடைக்கிறது.

இனி எங்கள் கதை. பொட்டலம் கொடுப்பதை நிறுத்தவில்லை, பசி காத்திருக்காது. ஆனால் கூடவே நோட்டும் எடுத்துப் போகிறோம். எழுதலாமா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுவோம், படம் எடுப்பதை விட்டுவிட்டோம். இப்போது பட்டியலில் 34 பெயர்கள். சிலர் உண்மைப் பெயரைச் சொல்ல மூன்று மாதம் ஆயிற்று. அந்தப் பெரியவர் பெயர் பட்டியலில் முதல் வரி.

அவருடைய அடையாள அட்டை பிளாஸ்டிக் உறையில், ரப்பர் பேண்ட் போட்டு, இடுப்பில் இருந்தது. எந்த மழையிலோ ஓரம் பிரிந்து தண்ணீர் இறங்கி, பிறந்த தேதி இருந்த இடத்தில் நீலக் கறை மட்டும் மிச்சம். புது அட்டைக்காக ஓர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். முகவரிச் சான்று கேட்டார்கள். "அது இருந்தா நான் ஏம்மா இங்க வர்றேன்?" என்றார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவரே சிரித்துவிட்டார், ஆனாலும் சான்று இல்லாமல் ஆகாது. நாலு முறை அலைந்தோம். நான் கூட இல்லாமல் அவர் தனியாகப் போயிருந்தால் முதல் தடவையோடு விட்டிருப்பார், வாசலிலேயே நிறுத்தியும் இருப்பார்கள்.

இப்போது ஒரு வீட்டின் பின்கட்டில், ஒற்றை அறையில் இருக்கிறார். எட்டு மாதம் ஆகிறது. முதல் சில வாரம் கதவைத் திறந்து வைத்துத்தான் தூங்கினாராம். சாத்தினால் மூச்சு முட்டுவதுபோல் இருக்கிறது என்றார். செருப்பு இன்னும் தலைமாட்டில்தான்.

அந்த அறையை வாங்கியதுதான் பெரிய பாடு. முன்பணத்தை நாலு பேர் பிரித்துக் கொடுத்துவிட்டோம், அது பிரச்சினையாக இல்லை. வீட்டுக்கார அம்மா நல்ல மனுஷிதான். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு நாங்கள் தயாராகப் போகவில்லை. குடிப்பாரா, வாடகை ஒழுங்காக வருமா என்றுதான் கேட்பார் என்று நினைத்தோம். "ராத்திரி நெஞ்சு வலின்னு விழுந்துட்டா நான் யாருக்குப் போன் பண்றது?" என்று கேட்டார். இரண்டு எண்களை எழுதிக் கொடுத்தோம். ஒன்று என்னுடையது.

பட்டியலில் அடுத்து இருப்பவர், பை வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொள்கிற அந்த அம்மா. அதே வீட்டில் இன்னோர் அறை அடுத்த மாதம் காலியாகிறது. போன வாரம் போய்க் கேட்டோம். தருகிறேன் என்றார், ஒரே ஒரு நிபந்தனை. நீங்க ரெண்டு பேரும் ஏற்கெனவே ஓர் ஆளுக்குப் பொறுப்பு எடுத்தாச்சு, இந்த அம்மாவுக்கு வேற ரெண்டு நம்பர் கொண்டு வாங்க என்கிறார்.

ஒன்று கிடைத்துவிட்டது. இன்னொன்று வேண்டும்.