கெட்ட செய்தி மேலே ஏறாத அலுவலகங்கள்

ஒரு முகாமையாளரின் அன்றாடப் பேச்சில் எது வேலையை அதிகம் கெடுக்கிறது என்று கேட்டால், கெட்ட வார்த்தைகளை நான் முதலில் சொல்ல மாட்டேன். பயிற்சிப் பட்டறைகளில் கேட்டு வந்து, நல்ல எண்ணத்தோடேயே சொல்லப்படும் ஒரு வாக்கியத்தைத்தான் சொல்வேன்: "என்னிடம் பிரச்சினையைக் கொண்டுவர வேண்டாம், தீர்வைக் கொண்டு வாருங்கள்." கேட்பதற்கு மிடுக்கான இந்த வாக்கியத்தை ஒரு பிரிவின் தலைவர் நாலு கூட்டத்தில் சொன்னால் போதும், கீழே இருப்பவர்களால் தீர்க்க முடியாத பிரச்சினைகள், அதாவது அவர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய பிரச்சினைகள், அவரிடம் வந்து சேராமலே நின்றுவிடும்.

கொழும்பில் இறக்குமதி அலுவலகங்களில் வேலை செய்பவர்களுக்கு இது நன்றாக விளங்கும். வரவிருக்கும் கொள்கலனின் இன்வொயிசும் (விலைப்பட்டியல்) பெக்கிங் லிஸ்டும் (உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல்) ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பதை முதலில் காண்பவர் பெரும்பாலும் அந்தப் பிரிவிலேயே ஆகக் குறைந்த சம்பளம் வாங்கும் எழுதுவினைஞர்தான். அன்றே வாய் திறந்தால், பொருளை அனுப்பியவரிடம் திருத்திய ஆவணத்தைக் கேட்டு வாங்க ஒரு மின்னஞ்சல் போதும். ஆனால் முன்பொருமுறை இப்படிச் சொல்லப்போய், "இதைக்கூட நான்தான் பார்க்க வேண்டுமா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்கப்பட்டவர், இந்த முறை கோப்பை மூடி வைத்துவிட்டுச் சும்மா இருப்பார். சரக்கை விடுவிக்கப் போகும் வாஃப் கிளார்க் சுங்கத்தில் பதில் சொல்ல முடியாமல் நிற்கும்போதுதான் விடயம் மேலே போகும். அதற்குள் டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், நாள் கணக்கில் ஏறத் தொடங்கியிருக்கும். கணக்கில் அது துறைமுகச் செலவு என்றே எழுதப்படும். முகாமையாளரின் வாய்ச் செலவு என்று ஒரு தலைப்பு எந்தக் கணக்காளரிடமும் கிடையாது.

ஹாவர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் எமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, ஒற்றுமையாக நன்கு இயங்கும் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான தவறுகளோ அவற்றில்தான் கூடுதலாக இருந்தன. அக்குழுக்களில் தவறைச் சொன்னவர் தண்டிக்கப்படவில்லை, ஆகவே தவறுகள் வெளியே வந்தன என்பதே அவர் கண்ட விளக்கம். "என் பிரிவில் ஒரு பிழையும் நடப்பதில்லை" என்று பணிப்பாளர் சபையில் பெருமை பேசுபவர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வு நினைவுக்கு வரும்.

உரத்து ஏசினால்தான் கெடுதல், மெல்லப் பேசினால் இல்லை என்று நினைப்பதும் சரியல்ல. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், இஸ்ரேலில் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளைச் சேர்ந்த 24 குழுக்களுக்கு, குறைமாதக் குழந்தை ஒன்றின் நிலை திடீரென மோசமாவதாக அமைக்கப்பட்ட பயிற்சி கொடுக்கப்பட்டது. வெளிநாட்டு நிபுணர் ஒருவர் சில குழுக்களிடம், அந்நாட்டு மருத்துவத்தின் தரம் தம்மைக் கவரவில்லை என்ற பாணியில் பேசினார். மற்றவர்களிடம் சாதாரணமாகப் பேசினார். அவர் கத்தவுமில்லை, எவரையும் பெயர் சொல்லித் தாக்கவுமில்லை. ஆனாலும் அந்த இளக்காரத்தைக் கேட்ட குழுக்கள் நோயை இனங்காண்பதிலும் சிகிச்சை செய்வதிலும் பின்தங்கின. அவர்கள் தகவலைத் தமக்குள் பகிர்ந்துகொள்வதும் ஒருவரிடம் ஒருவர் உதவி கேட்பதும் குறைந்திருந்தன. பழக்கமே இல்லாத ஒருவரின் சொல்லுக்கே இந்த விளைவு என்றால், சம்பள உயர்வைத் தீர்மானிப்பவர் காலையில் வட்ஸ்அப் குழுவில் "இதை யார் செய்தது?" என்று போடும் ஒரு வரிக்கு என்ன விளைவு இருக்கும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. அந்த வரியை அனுப்பியவர் அரை மணித்தியாலத்தில் மறந்துவிடுவார். குழுவில் உள்ளவர்களோ மதியம் வரை அதைத்தான் கதைத்துக்கொண்டிருப்பார்கள்.

நம் கூட்டங்களில் இன்னொரு வழக்கம் உண்டு. ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மாறி மாறிப் பேசி முடித்த பின், "விளங்கியதா?" என்று கேட்பார்கள். தமிழில் யோசித்து, பாதியைத் தானே ஊகித்துக்கொண்டிருக்கும் புதிய பெடியனும் "ஓம் சேர்" என்றுதான் சொல்வான். வேறு பதிலுக்கு அங்கே இடமே இல்லை. அதற்குப் பதிலாக "இதில் எந்த இடத்தில் சிக்கல் வரும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு, பத்து விநாடி மௌனத்தைப் பொறுத்துக்கொள்ளும் முகாமையாளர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் விசேஷமாக இனிமையானவர்கள் அல்லர். அவர்களிடம் வேலை பிந்துவது மட்டும் குறைவு.

கொழும்பின் கடைத்தெருவான புறக்கோட்டையில் தொழில் பழகிய மூத்தவர்கள் இதை ஏற்க மாட்டார்கள். முதலாளியிடம் ஏச்சு வாங்கித்தான் நாங்கள் ஆளானோம் என்பார்கள். ஏச்சைத் தாங்க முடியாமல் போனவர்கள் இங்கே வந்து கதை சொல்வதில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். கடை முதலாளிக்கு இருந்த ஒரு வசதி இன்றைய துறைத் தலைவருக்கு இல்லை. அவர் கல்லாவில் இருந்தபடியே மூட்டை இறங்குவதையும், தராசையும், வாடிக்கையாளரின் முகத்தையும் தம் கண்ணாலேயே பார்த்தார். பெடியன் மறைத்தாலும் சரக்கு காட்டிக்கொடுத்துவிடும். ஆறாம் மாடியில் இருப்பவருக்கோ மற்றவர்களின் வாயும் அவர்கள் அனுப்பும் எக்ஸல் தாளும்தான் கண். அந்த வாய்களைத் தாமே அடைத்துவிட்டு, அறிக்கைகள் எல்லாம் பிரச்சினை இல்லை என்ற பச்சை நிறத்தில் வருகின்றன என்று அவர் மகிழ்ந்திருப்பார்.

இனிக்க இனிக்கப் பேசும்படி நான் கேட்கவில்லை. "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்ற பேச்சு மேலதிக நேர வேலை கேட்கும்போது வந்து, போனஸ் காலத்தில் காணாமல் போவதை எல்லோரும் அறிவார்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அனுபவசாலிகள் பலர் நாட்டை விட்டுப் போய்விட, அவர்களின் கதிரைகளில் இரண்டு மூன்று வருட அனுபவமுள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது, பிழை எது, எப்போதைக்குள் திருத்த வேண்டும், யாரிடம் கேட்கலாம் என்ற நேரடியான பேச்சுத்தான். ஆனால் தொடர்பாடல் பயிற்சி என்று வந்தால் நிறுவனங்கள் அந்த இளையவர்களைத்தான் சனிக்கிழமை ஹோட்டல் மண்டபத்துக்கு அனுப்புகின்றன. அவர்களை ஏசிய மேலாளர்களின் பெயர்கள் அந்தப் பட்டியலில் இருப்பதில்லை.